பாஸ்போர்ட் தூங்குகிறது, சத்தம் போடாதீர்கள்

ஜெர்மனிக்காரன் தன் விசா அலுவலகத்தைச் சென்னையில் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். பாவம், விவரம் தெரியாதவன். ஜெர்மனி, கனடா, கத்தார், குவைத், நியூசிலாந்து எல்லா நாட்டு விசாவும் கோபிசெட்டிபாளையத்திலிருந்து சத்தியமங்கலம் போகிற ரோட்டில், ஒரு பழைய தறிக் குடோனுக்குள்தான் முடிவாகிறது. எல்லா நாட்டுக்கும் அதிகாரி ஒருவரே. பெயர் விசா சித்தர்.

சந்தேகம் இருந்தால் டவுன் பஸ் கண்டக்டரைக் கேளுங்கள். குடோன் வந்ததும் விசில் அடித்துவிட்டு, "விசா சித்தரெல்லாம் எறங்குங்க! சீட்டுக்கடியில எலுமிச்சம்பழம் உருளுது, பாத்து எடுத்துக்கங்க!" என்று கூவுவார். பாதி பஸ் காலியாகிவிடும். திருப்பூரிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் கொடுமுடியிலிருந்தும் காரில் வருகிறவர்கள் வேறு. இன்ஜினியரிங் படித்த பையன்கள், நர்ஸ் பெண்கள், வெல்டர்கள், அவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வருகிற அப்பா அம்மாக்கள். வாசலில் ஒரு பேனர். மூன்று மதத்துச் சின்னமும் போட்டு நடுவில் ஒரு விமானம் வரைந்திருந்தது. விமானத்தின் மூக்கு கீழே பார்த்தபடி இருந்தது. ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் யாகூப். குடோனுக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் போட்டோ எடுப்பேன், ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பேன். சித்தர் வருவதற்கு முன் என் கடையில் ஈ ஓட்டவும் ஆள் இல்லை. அவர் வந்த பிறகு ஈ வர இடம் இல்லை. ஆகவே இந்தக் கதையில் நான் யோக்கியன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சித்தர் ஆவதற்கு முன் அவருக்கு கௌதமன் என்று பெயர். ஆளுக்கு ஆள் சேர்த்துவிடுகிற சங்கிலி வியாபாரத்தில் மூலிகைப் பற்பசை விற்றுக்கொண்டிருந்தார். அந்தப் பசையை வாங்கியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தேடியதால் ஊரைவிட்டுப் போனார். இரண்டு வருடம் கழித்துத் தாடியோடு திரும்பி வந்தார். தாடி வளர்ந்தால் எங்கள் ஜனங்களுக்குப் பழைய முகம் மறந்துபோகும். ஈமு கோழியில் பணத்தைப் போட்டு ஏமாந்து, கோழியும் போய் இறகும் போய் நின்ற ஊர் இது. அந்தப் பாடத்தில் கற்றுக்கொண்டது என்ன? அடுத்த தடவை கோழி வேண்டாம், சாமியாரைப் பார்க்கலாம் என்பதுதான்.

சித்தருடைய பீடத்தில் ஒரு உலக உருண்டை இருந்தது, பள்ளிக்கூடத்தில் வைப்பார்களே அதுதான். ஆளாளுக்குக் குங்குமம் வைத்ததில் கனடா அடையாளம் தெரியாமல் போய்விட்டது. படையலுக்கும் ஒரு கணக்கு உண்டு. வளைகுடா நாடு என்றால் எலுமிச்சம்பழம், ஐரோப்பா என்றால் தேங்காய், கனடா என்றால் பூசணிக்காய். தூரம் கூடக் கூடக் காயும் பெரிதாகும். நியூசிலாந்துக்கு என்ன என்று ஒரு பையன் கேட்டான். பலாப்பழம் சீசன் வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

பூக் கேட்பது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். கல்யாணம் பேச வேண்டுமா, போர்வெல் போட வேண்டுமா, வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம் மடித்துச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு ஆகிவிட்டது, சிவப்பு வந்தால் இல்லை. ஆயிரம் அடி போர் போட்டுப் புழுதி வந்தபோதும் பூவை யாரும் குற்றம் சொன்னதில்லை. சித்தர் இந்த வழக்கத்தை எடுத்து விசாவுக்குப் பொருத்தினார். தாம்பாளத்தில் காகிதப் பொட்டலங்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு என்பார். வந்தவர் ஒரு ஜோடியில் ஒன்றை எடுத்துப் பிரிக்கலாம். மற்றது அப்படியே நெருப்புச் சட்டிக்குள் போகும். எடுக்காத பூவைப் பார்த்தால் கண் போய்விடும் என்பது சித்தர் வாக்கு.

முதல் தடவை வருகிறவர்களுக்குச் சிவப்புதான் வரும். உடனே "தடை இருக்குதுங்க" என்பார். தடை நீங்கக் காணிக்கை கட்டி உறக்கப் பூஜை செய்ய வேண்டும். உறங்க வேண்டியது நீங்கள் இல்லை, உங்கள் பாஸ்போர்ட். சித்தருடைய இரும்பு பீரோவுக்குள் அது இருபத்தொரு நாள் தூங்க வேண்டும். பீரோ மேலே ஒரு பலகை தொங்கியது: பாஸ்போர்ட் தூங்குகிறது, சத்தம் போடாதீர்கள். படித்த பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்தார்கள். இருபத்தொரு நாள் கழித்து மறுபடி பூ எடுத்தால் வெள்ளை வரும். பிறகு விசா கிடைத்தால் சித்தர் கொடுத்தது. கிடைக்காவிட்டால், பாஸ்போர்ட் தூங்கும்போது வீட்டில் யாரோ வெள்ளாட்டுக்கறி சாப்பிட்டிருக்கிறார்கள்.

உள்ளே ஒரு வெற்றிச் சுவர் உண்டு. நாற்பத்திரண்டு விசா நகல்கள் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்கின. அந்த நகல்களை எடுத்தவன் நான். விசா கிடைத்தவர்கள் ஆறே பேர். ஆளுக்கு ஏழு நகல், பெரிசும் சிறிசுமாக, கலரிலும் கறுப்பிலும் அடித்துக் கொடுத்தேன். எனக்குத் தெரியாதா? தெரியும். வாயைத் திறந்தேனா? கல்லாவைத்தான் திறந்தேன்.

அப்படி இருந்தவனை ஒரு பெண் வந்து உலுக்கிவிட்டாள்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. சைத்ரா என்று பெயர், கோபிப் பெண். கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஏழு வருடமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். கையில் ஒரு கட்டுக் காகிதம் வைத்திருந்தாள். ஜெர்மன் மொழித் தேர்வில் தேறிய சான்றிதழ், ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரி கொடுத்த வேலை ஒப்பந்தம், வியாழக்கிழமை காலையில் சென்னையில் விசா நேர்காணல் என்ற கடிதம். எல்லாவற்றிலும் இரண்டு நகல் கேட்டாள். எடுத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"பாஸ்போர்ட் நகல் வேண்டாமுங்களா, அம்மணி?"

"பாஸ்போர்ட் இல்லீங்க பாய்."

"இல்லாம எப்பிடிங்க நேர்காணலுக்குப் போவீங்க?"

எதிரே கையைக் காட்டினாள். "அங்க தூங்குதுங்க. ஊட்டு பீரோவுல பத்திரமா வெச்சிருந்தேன். எங்கப்பா எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிக் குடுத்துப்போட்டாரு. பதினோரு நாள் ஆச்சாம். இன்னும் பத்து நாள் இருக்குதாமுங்க."

"போயிக் கேக்க வேண்டியதுதானுங்களே?"

"கேட்டேனுங்க. நடுவுல ஒண்ணைய எழுப்புனா உள்ள இருக்கற நூத்தி நாப்பதும் முழிச்சுக்குமாம். எல்லாருக்கும் விசா போயிடுமாம். அங்க நின்ன ஆளுகளே என்னைய வெளிய தள்ளிப்போட்டாங்க."

இதுதான் சித்தருடைய உண்மையான சித்து. பீரோவுக்குக் காவல் வைக்க அவருக்குச் செலவே இல்லை. ஏமாந்தவர்களே ஷிப்ட் போட்டுக் காவல் காத்தார்கள்.

ஐந்து மாதம் காத்திருந்து கிடைத்த நேர்காணல் அது. தவறினால் அடுத்தது எப்போது என்று தெரியாது. அதுவரை அந்த ஆஸ்பத்திரி காத்திருக்காது, வேலை வேறொரு பெண்ணுக்குப் போய்விடும். "ரெண்டு வருசம் நைட் டூட்டி பாத்துட்டு வந்து தூங்காமப் படிச்சேனுங்க. நான் தூங்காதது பத்தாதுன்னு பாஸ்போர்ட்டத் தூங்க வெச்சிருக்காரு" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவளிடம் நான் நகலுக்குக் காசு வாங்கவில்லை. அது பரிகாரம் ஆகாது என்று எனக்கே தெரியும்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை சைமன் கடைக்கு வந்தான். கத்தாரில் ஆறு வருடமாக ஏசி மெக்கானிக், விடுமுறையில் வந்திருந்தான். அங்கே தங்குவதற்கான அவனுடைய குடியிருப்பு அட்டையை நகல் எடுக்கக் கொடுத்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. சைத்ரா விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே ஒரு எலுமிச்சம்பழம் வாங்கினான். இருவரும் எதிரே போனோம்.

"சாமி, எனக்குக் கத்தாரு விசா கெடைக்குமுங்களா?" என்று கும்பிட்டுக் கேட்டான்.

பொட்டலத்தை எடுத்தான். சிவப்பு. சித்தர் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, தலையை ஆட்டினார். "உன்ற ஜாதகத்துல கடலே இல்லியப்பா. மூணு தலைமொறத் தடை. பாஸ்போர்ட்டக் கொண்டாந்து தூங்க வெய்யி."

சைமன் அட்டையை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தான். "ஆறு வருசமா அங்கதானுங்க சாமி குடியிருக்கேன். விசா, குடியிருப்பு அட்டை எல்லாம் கையில இருக்குதுங்க. இதுக்கு மேல எதுக்குங்க தடை?"

கூட்டம் திகைத்தது. ஒரு நிமிடம்தான். சித்தர் சிரித்தார். "போனது உன்ற ஒடம்பு, தம்பி. உன்ற விதி இன்னும் கோபி பஸ் ஸ்டாண்டுலதான் நிக்குது."

என்ன கைதட்டல்! எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு பேர் சைமனிடம் வந்து, "அட்டைய நம்பாதீங்க தம்பி, தூங்க வெச்சுருங்க" என்று அன்பாகப் புத்தி சொன்னார்கள். கையில் இருக்கிற விசாவுக்குத் தடை சொன்னவனையும் நம்புகிற கூட்டத்திடம் எந்த ஆதாரத்தைக் காட்டுவது? சைமன் எலுமிச்சம்பழத்தை என்னிடம் கொடுத்து, "சர்பத் போட்டுக் குடிங்க பாய்" என்றான்.

கடைக்குத் திரும்பியபோது முத்தாத்தாள் என் படியில் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். சித்தருக்குப் பூக் கொடுக்கிறவர் அவர்தான். விடிகாலையில் சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டில் வாங்கி, முதல் பஸ்ஸில் வருவார்.

"யாவாரம் எப்பிடிங்க போகுது?" என்று கேட்டேன்.

"என்னத்தப் போகுதுங்க பாய். மழையில வெள்ளை அரளி மொட்டெல்லாம் அழுகிப்போச்சு. நாலு நாளா மார்க்கெட்டுல வெள்ளையே கண்ணுல படுலீங்க. செகப்பு மட்டுந்தான்."

"சித்தரு என்ன சொன்னாரு?"

"செகப்பே போதுமுன்னு வாங்கிப்போட்டாருங்க. மழ உட்ட பொறவு வெள்ளை கொண்டா, ரெண்டாந்தடவை வார ஆளுகள அடுத்த வாரம் வரச் சொல்லிக்கறேன்னாரு."

முத்தாத்தாளுக்கு இதில் ஒன்றும் அதிசயம் இல்லை. அவர் விற்றது பூ, அதோடு அவர் வேலை முடிந்தது. நான்தான் ஆடிப்போய் நின்றேன். நாலு நாளாக வெள்ளைப் பூவே இல்லை. நாலு நாளாக ஜோடிக்கு ஒரு வெள்ளை என்று சொல்லித் தாம்பாளம் நிறையப் பொட்டலம். வேறு ஏதாவது ஒரு வெள்ளைப் பூவையாவது வைத்திருக்கலாம், அதையும் செய்யவில்லை. பார்க்க ஆள் இல்லாத இடத்தில் திருடனுக்கும் சோம்பல் வந்துவிடும். உடனே சைத்ராவுக்குப் போன் போட்டேன்.

புதன்கிழமை காலையில் சைத்ரா வந்தாள். அன்று மாலை ஈரோட்டில் ரயில் ஏறினால்தான் வியாழன் காலை சென்னையில் இருக்க முடியும். கூடவே அவளுடைய அப்பா சென்னியப்பனும் வந்தார். மகள் சித்தரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளப் போகிறாள் என்று நம்பி, ஐந்து தேங்காய் வாங்கி வந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. மகள் நன்றாக இருக்க வேண்டும் என்று அவளுடைய பிழைப்பையே கொண்டுபோய்ப் பூட்டி வைத்த நல்ல மனிதர். ஈமு கோழியிலும் போட்டவர்.

குடோனில் அன்று முந்நூறு பேராவது இருப்பார்கள். சைத்ரா நேராகப் பீடத்துக்குப் போய்க் கும்பிட்டாள்.

"சாமி, தாம்பாளத்துல எத்தனை ஜோடிங்க இருக்குது?"

"இருவது ஜோடி, கண்ணு. ஏன்?"

"அப்பிடீன்னா இருவது வெள்ளைப் பூ இருக்கோணுமில்லீங்க?"

"இருக்கும்."

"எனக்கு ஒண்ணே ஒண்ணு காட்டுங்க சாமி. இருவது வேண்டாம், ஒண்ணு. காட்டிப்போட்டா என்ற பாஸ்போர்ட்டு இருபத்தோரு நாள் என்னங்க, இருபத்தோரு வருசம் தூங்கட்டும். நான் கேக்கவே மாட்டேன்."

சித்தர் முகத்தில் ஒரு சின்ன அசைவு. உடனே குரலை உயர்த்தினார். "எடுக்காத பூவப் பாத்தா கண்ணு போயிரும்! இத்தன பேரு கண்ணும் போகோணுமா?"

கூட்டம் சீறியது. "வெளிய போம்மா! எங்களுக்கு விசா வேணும்!" என்று ஒரு அம்மாள் கத்தினாள். சென்னியப்பன் மகளின் கையைப் பிடித்து இழுத்தார். "கண்ணு, வேண்டாஞ்சாமி, எம்பட மானத்த வாங்காத. வா போலாம்."

சைத்ரா கையை உதறவில்லை. நோயாளியிடம் பேசுகிற மாதிரி நிதானமாகப் பேசினாள். "போனா என்ற கண்ணு மட்டும் போகட்டுமுங்க. நீங்க எல்லாரும் கண்ண மூடிக்கங்க. நான் மட்டும் பிரிச்சுப் பாத்துச் சொல்றேன். எனக்குக் கண்ணு போனா நீங்க பொழச்சீங்க. போகலீன்னா நானும் பொழச்சேன்."

கூட்டத்துக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. கண்ணை மூடுவதுதானே, அவர்களுக்குப் பழக்கப்பட்ட வேலை. முந்நூறு பேரும் மூடிக்கொண்டார்கள். வாத்தியார் கண்ணை மூடி அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டார். சென்னியப்பன் துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டார். நான் மூடவில்லை. அதனால்தான் நடந்ததை உங்களுக்குச் சொல்ல முடிகிறது.

சைத்ரா முதல் பொட்டலத்தைப் பிரித்தாள். "சிவப்பு" என்றாள், சத்தமாக.

அடுத்தது. "சிவப்பு."

மூன்றாவது. "இதுவும் சிவப்புங்க."

குடோனில் காகிதம் பிரிகிற சத்தம் மட்டும் கேட்டது. அதே சமயம் சித்தர் பீடத்திலிருந்து இறங்கினார். பூனை அடுப்படியிலிருந்து நழுவுகிற மாதிரி, பீரோச் சாவியை மடியில் செருகிக்கொண்டு, சுவரோரமாகப் பின்வாசலைப் பார்த்து நகர்ந்தார். நான் குரல் கொடுக்கவில்லை. பின்வாசலில் சைமன் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும்.

"சிவப்பு... எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுங்க... சிவப்பு... அப்பா, ஒம்போது ஆச்சுங்கப்பா, ஒம்போதும் சிவப்பு."

அந்த "அப்பா"வில்தான் சென்னியப்பனின் துண்டு ஒரு பக்கம் கொஞ்சம் உயர்ந்தது. ஒரே ஒரு கண் வெளியே வந்தது. அந்தக் கண் தாம்பாளத்தைப் பார்த்தது, மகளைப் பார்த்தது, காலியாக இருந்த பீடத்தைப் பார்த்தது, பிறகு பின்வாசலில் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நின்ற சித்தரைப் பார்த்தது.

"ஏனுங்க, சாமி எங்கீங்க போறாரு?" என்றார்.

அறுநூறு கண்களும் ஒன்றாகத் திறந்தன. ஒரு கண்ணுக்கும் ஒன்றும் ஆகவில்லை. சைத்ரா மிச்சப் பொட்டலங்களையும் பிரித்துத் தரையில் கொட்டினாள். நாற்பதும் சிவப்பு. யாரோ, "வெள்ளை எங்கடா?" என்று கேட்டார். கூடையோடு நின்றிருந்த முத்தாத்தாள், "மார்க்கெட்டுலயே இல்லீங்க, நாலு நாளாச்சு" என்று பொறுப்பாகப் பதில் சொன்னார்.

பிறகு ஒரே சத்தம். தூங்குகிற பாஸ்போர்ட்டுகளைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. சைமன் வாங்கிக் கொடுத்த சாவியால் பீரோவைத் திறந்தோம். நூற்று நாற்பது பாஸ்போர்ட்டுகள் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக் கட்டாக, விபூதியும் கற்பூரமும் ஈரமும் கலந்த நாற்றத்தில் கிடந்தன. அவை தூங்கின காலத்தில் எலி தூங்கவில்லை. இருபது பாஸ்போர்ட்டாவது ஓரம் கடிபட்டிருந்தது. சைத்ரா ஒவ்வொரு கட்டாகப் புரட்டினாள். கடைசிக் கட்டில் அவளுடையது இருந்தது. அட்டையில் குங்குமக் கறை, உள்ளே பக்கங்கள் முழுசு. அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

பீரோவின் அடித்தட்டில் இன்னொன்றும் கிடைத்தது. ஆங்கிலத் தேர்வுப் பயிற்சிப் புத்தகம் ஒன்று, பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு போட்டு, சொல்லுக்குச் சொல் தமிழில் அர்த்தம் எழுதி. முதல் பக்கத்தில் கௌதமன் என்று கையெழுத்து, அடியில் "கனடா". உலகத்துக்கெல்லாம் பூ பார்த்தவர், தனக்குப் பார்க்கவில்லை. தனக்குப் பாடம் படித்தார். சைத்ராவை விட்டால், அந்தக் குடோனில் விசாவுக்கு வழி தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

போலீஸ் வந்தது, ஜீப்பில் ஏற்றியது, அதெல்லாம் பேப்பரில் வந்துவிட்டது. சைத்ரா ரயிலைப் பிடித்தாள். வியாழக்கிழமை நேர்காணலில் ஜெர்மன் மொழியில் கேட்டார்களாம், ஜெர்மன் மொழியில் பதில் சொன்னாளாம். எலுமிச்சம்பழம், தேங்காய் எதையும் அவர்கள் கேட்கவில்லையாம். ஏழு வாரத்தில் விசா வந்தது.

விசா நகல் எடுக்கச் சென்னியப்பன் என் கடைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. காசை எடுத்து வைத்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"ஒண்ணு சொல்றேன், அம்மணிகிட்டச் சொல்லிப்போடாதீங்க பாய். அந்தாளு திருடன்தான், இல்லேங்கல. ஆனா பன்னெண்டு நாளோ பதிமூணு நாளோ, பாஸ்போர்ட்டு தூங்குனது தூங்குனதுதானுங்களே? அதுல கொஞ்சம் வேல செஞ்சிருக்குமுங்க."

மகள் இரண்டு வருடம் கண்விழித்துப் படித்தது இவர் கணக்கில் வரவில்லை. பீரோவுக்குள் கிடந்த காகிதம் தூங்கியதுதான் வேலை செய்ததாம்! இப்போதும் தினம் நாலு பேர் கடைக்கு வந்து, "சித்தர் இல்லீன்னா வேற யாருங்க நல்லாப் பாக்கறாங்க?" என்று கேட்கிறார்கள். கொடுமுடிப் பக்கம் ஒருவர் தண்ணீரில் முகம் பார்த்து விசா சொல்கிறாராம், அங்கே போகிற பஸ்ஸில் இப்போதே நிற்க இடம் இல்லை.

அந்தப் பழைய பலகையை நான் எடுத்து வந்துவிட்டேன். பாஸ்போர்ட் என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு, மேலே "உங்கள் மூளை" என்று எழுதிக் கடை வாசலில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் படிக்கிறார்கள். படித்துவிட்டுச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மெதுவாக நடந்து உள்ளே வருகிறார்கள். ஐயா, அம்மா, அந்தச் செருப்பைக் கீழே போட்டு நன்றாகச் சத்தம் போட்டு நடங்கள். அது எழுந்திருக்கட்டும்.